தர்பூசணிக்கும் அலை வரும்: மூளையின் மின்சாரத்தை வைத்து ஆய்வு செய்வது எப்படி?

பங்குனி பிறந்துவிட்டால் வேலூரில் ரோட்டோரமெல்லாம் தர்பூசணி குவிந்துவிடும். அதில் மனிதத் தலை அளவுக்கு ஒன்றை வாங்கி வந்து, மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. தொப்பியை மாட்டி, ஜெல் விட்டு, கணினித் திரையைப் பாருங்கள். கோடு நேராக நிற்காது, நெளியும். ஃபேன் போட்டால் இன்னும் நெளியும். யாராவது மேஜைப் பக்கம் நடந்தால் துள்ளும். 1976இல் ஏட்ரியன் அப்டன் என்ற நரம்பியல் மருத்துவர் கனடாவில் இதையே ஜெல்லியில் செய்து காட்டினார். ஐஸ்கிரீமோடு வைத்துத் தருவார்களே, அந்த ஜெல்லிதான். தீவிர சிகிச்சைப் பிரிவின் கருவிகளும் ஆள் நடமாட்டமும் சேர்ந்து, அந்த ஜெல்லிக்கு உயிருள்ள மூளை போன்ற ஒரு வரைபடத்தைக் கொடுத்துவிட்டன.

இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது. இ.இ.ஜி. கருவி பொய் சொல்லாது. ஆனால் இது மூளை, இது ஃபேன் என்று பிரித்தும் சொல்லாது. பிரிப்பது ஆய்வாளரின் வேலை, நேரத்தில் பெரும்பகுதி அதற்கே போகும். அது எப்படி நடக்கிறது என்று பார்க்க, வேலூரிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையைக் கற்பனை செய்துகொள்வோம். ஊருக்குப் பொருத்தமில்லாத கற்பனை அல்ல. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது இங்கே சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான்.

எந்த மின்சாரம்?

மூளையின் மேற்பட்டையில் கூம்பு வடிவ நரம்பணுக்கள், நடவு வயலில் நாற்று நிற்பதுபோல வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி தரும்போது, வாங்கிக்கொள்ளும் அணுவின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் நடுவே மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. சில பத்து மில்லி நொடிகள் அது நீடிக்கும். இ.இ.ஜி.யில் நமக்குத் தெரிவது இதுதான். நரம்பிழை வழியே ஓடும் கூர்மையான துடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு மில்லி நொடியில் முடிந்துவிடும், ஒன்றோடொன்று சேர்வதற்கு நேரமே இருக்காது.

ஒற்றை அணுவின் மின்சாரம் மண்டையோட்டைத் தாண்டி வெளியே வராது. ரத்தினகிரி மலைமேல் ஒருவர் பேசுவது அடிவாரத்துக்குக் கேட்காது. ஆடிக் கிருத்திகையன்று எல்லோரும் ஒரே நேரத்தில் 'அரோகரா' என்றால் கேட்கும். அதுபோல, சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் உள்ள லட்சக்கணக்கான அணுக்கள் ஒரே திசையில், ஒரே நேரத்தில் இயங்கினால்தான் தலைத்தோலில் ஏதாவது தெரியும். அப்படித் தெரிவதும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான். டார்ச் லைட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியில் 50 மைக்ரோவோல்ட் என்பது முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. இதயத்தின் இ.சி.ஜி. ஏறத்தாழ 1,000 மைக்ரோவோல்ட். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூளை முணுமுணுக்கத்தான் செய்கிறது.

முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் இந்த மின்சாரத்தை 1875இல் முதலில் அறிவித்தவர் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேட்டன். மனிதத் தலையில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். 1924இல் பதிவு செய்தார், 1929இல்தான் வெளியிட்டார். தொலைவில் இருப்பவரின் மனம் இன்னொருவரை எட்டுமா என்ற கேள்விதான் அவரை இதில் இழுத்துவிட்டது. அதற்கு விடை கிடைக்கவில்லை, கிடைத்தது வேறு. கண்ணை மூடியதும் பின்னந்தலையில் நொடிக்கு 8 முதல் 13 முறை ஏறி இறங்கும் ஒழுங்கான அலை வரும், கண்ணைத் திறந்ததும் மறைந்துவிடும். அதற்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தார்.

ஆய்வுக்கூடத்தில் தொப்பி மாட்டியதும் செய்யும் முதல் சரிபார்ப்பும் இன்றுவரை இதுதான். “கண்ணை மூடிக்கோங்கம்மா... இப்ப திறங்க.” மூடும்போது ஆல்ஃபா எழுந்து, திறந்ததும் அடங்கினால் கருவி மூளையைப் பார்க்கிறது என்று நம்பலாம். தர்பூசணி இதைச் செய்யாது. ஆரோக்கியமான சிலருக்கும் ஆல்ஃபா மிகக் குறைவாக இருக்கும் என்பதால், வரவில்லை என்றதும் பதற வேண்டாம்.

ஒரு ‘ழ’ போதும்

பழைய வடாற்காட்டில் ‘பழம்’ பலர் வாயில் ‘பயம்’ ஆகும். தெற்கே போனால் ‘பளம்’ ஆகும். வாய் அப்படிச் சொல்லட்டும். காதில் விழும்போது ழகரத்தையும் ளகரத்தையும் மூளை பிரித்து உணர்கிறதா? ஆளைக் கேட்டால் “தெரியுதே” என்பார். அவர் கவனித்துச் சொல்லும் பதில் அது. கவனிக்காமல் இருக்கும்போதே மூளை பிரிக்கிறதா என்று தெரிந்துகொள்ள இ.இ.ஜி. தேவைப்படுகிறது.

இதற்கென்று ஒரு பழகிய முறை உண்டு. ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்து, நடுவில் எப்போதாவது வேறொன்றைச் செருகுவார்கள். மாறிய ஒலி வந்து 150 முதல் 250 மில்லி நொடிக்குள், நெற்றிக்கு மேலே நடுத்தலையில் கோடு எதிர்மின் பக்கம் சற்றே இறங்கும். பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டானென் குழு 1978இல் விவரித்த அலை இது. ‘மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி’, சுருக்கமாக எம்.எம்.என். என்பார்கள். ஆள் சத்தம் நிறுத்திய படம் பார்த்துக்கொண்டிருந்தாலும் வரும் என்பதே இதன் பயன். பிறந்த குழந்தையிடம்கூட இதைத் தேட முடிகிறது. 1997இல் அதே குழு ஓர் அழகான வேலை செய்தது. எஸ்தோனிய மொழியில் உள்ள, பின்லாந்து மொழியில் இல்லாத ஓர் உயிரொலியை இரு மொழிக்காரர்களுக்கும் கேட்கக் கொடுத்தார்கள். பின்லாந்துக்காரர்களிடம் அந்த அலை சிறுத்திருந்தது, எஸ்தோனியரிடம் சிறுக்கவில்லை. தாய்மொழி காதின் பாதையிலேயே தடம் போட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள் கொண்டார்கள்.

வேலூர் இதற்கென்றே அமைந்த ஊர். தமிழர் இருக்கிறார்கள். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் தெலுங்கு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், இன்றைய தெலுங்கில் ள உண்டு, ழ இல்லை. வேலூர், மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம், உருதில் இரண்டுமே இல்லை. மூன்று குழு, ஒரு கேள்வி.

காகிதத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலூரில் வளர்ந்த உருதுக்காரர் மூன்று வயதிலிருந்தே தெருவில் தமிழ் கேட்டவர். தெலுங்குக்காரரில் பாதிப்பேர் தமிழ்வழியில் படித்தவராகவே இருக்கலாம். எனவே “வீட்டில் என்ன மொழி?” என்ற ஒற்றைக் கேள்வியோடு குழு பிரித்தால் சோதனை தொப்பி மாட்டுவதற்கு முன்பே கெட்டுவிடும். எந்த வயதில் தமிழ் காதில் விழத் தொடங்கியது, பள்ளியில் எந்த மொழி, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தமிழ் என்றெல்லாம் எழுதி வாங்க வேண்டும். தமிழரையும் ‘மழை, கோழி, கிழவி, வாழைப்பழம்’ என்று படிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வாயில் ழ வருகிறவர், வராதவர் என்று பின்னால் பிரித்துப் பார்க்க அது உதவும்.

இனி ஒலி. ழ, ள இரண்டும் தமிழில் சொல்லின் முதலில் வராது, ஆகவே ‘அழ’, ‘அள’ என்று எடுத்துக்கொள்வோம். ஒரே குரல், ஒரே நீளம், ஒரே சத்தம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ‘அழ’ சொல்லும்போது நாக்கு ழகரத்துக்குத் தயாராகிவிடுவதால் முன்னால் இருக்கும் ‘அ’விலேயே ழகரத்தின் சாயல் ஏறிவிடும். அதனால் ஒரே ‘அ’வை வெட்டி இரண்டுக்கும் ஒட்ட வேண்டும். அந்த ‘அ’ 120 மில்லி நொடி என்றால், ஒலிகள் பிரியும் இடமும் 120இல்தான். எம்.எம்.என். அலையை ஒலி தொடங்கிய இடத்திலிருந்து 150–250இல் தேடினால் வெறுமைதான் கிடைக்கும். பிரியும் இடத்திலிருந்து எண்ணி, 270–370இல் தேட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் நல்ல தரவை ‘ஒன்றும் வரவில்லை’ என்று ஒதுக்கிவைக்கும் இடங்களில் இது முக்கியமானது.

அளவுகள்: 600 மில்லி நொடிக்கு ஒரு ஒலி, மொத்தம் 1,000 ஒலி, 10 நிமிடம். அதில் 850 ‘அள’, 150 ‘அழ’. இரண்டு ‘அழ’வுக்கு நடுவே குறைந்தது இரண்டு ‘அள’ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாற்றம் மாற்றமாகத் தெரியாது. அடுத்த 10 நிமிடம் தலைகீழ்: ‘அழ’ அடிக்கடி, ‘அள’ அரிதாக. இந்தத் தலைகீழ்ச் சுற்றை விட்டுவிடக் கூடாது. ‘அழ’வும் ‘அள’வும் ஒலியாகவே வெவ்வேறு என்பதால் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஒலியின் வேறுபாடும் கலந்துவிடும். அடிக்கடி வந்த ‘அழ’வையும் அரிதாக வந்த ‘அழ’வையும் ஒப்பிட்டால் மிஞ்சுவது மூளையின் வேறுபாடு மட்டும்.

தலையும் எண்ணெயும்

முந்தைய நாளே சொல்லிவிட வேண்டியது: ஷாம்பூ போட்டுத் தலைகுளித்துவிட்டு வாருங்கள், எண்ணெய் வேண்டாம், கண்டிஷனர் வேண்டாம். சீயக்காயும் வேண்டாம், தூள் மயிர்க்காலில் தங்கிவிடும். தேங்காய் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. எண்ணெய் தோய்ந்த தலையில் எத்தனை ஜெல் விட்டாலும், தொப்பியில் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் சிறு உலோகப் புள்ளியான எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் நடுவே அது ஒரு திரையாக நின்றுவிடும். சொல்லியும் சிலர் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். எண்ணெய் இல்லாமல் வெளியே கிளம்புவது அவர்களுக்குப் பழக்கமில்லை. அதற்காக ஆய்வுக்கூடத்திலேயே வாஷ்பேசின், ஷாம்பூ, துண்டு, ஹேர் டிரையர் இருக்க வேண்டும். முடிந்ததும் ஜெல்லைக் கழுவவும் அது வேண்டும்.

பூவையும் ஹேர்பின்னையும் எடுத்துவிட்டு, கொண்டையை அவிழ்த்துக் கழுத்துக்குக் கீழே தளர்வாகப் பின்னச் சொல்லலாம். உயர்ந்த கொண்டையோடு தொப்பி பின்னந்தலையில் உட்காராது, ஆல்ஃபா இருக்கும் இடமே தூக்கிக்கொண்டு நிற்கும். நெற்றியில் விபூதியோ குங்குமமோ இருந்தால் அனுமதி கேட்டுத் துடைக்க வேண்டும். திரும்ப இட்டுக்கொள்ளக் கண்ணாடியும் குங்குமமும் மேஜையில் இருக்கட்டும். பர்தா அணிந்து வரும் பெண்களுக்குத் தொப்பி மாட்டப் பெண் ஊழியரும் கதவடைத்த அறையும் இல்லையென்றால் உருதுக் குழுவில் ஆண்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். பிறகு அது மொழி ஒப்பீடாகவே இருக்காது.

இடம் குறிப்பதற்கு 10–20 என்ற முறை உண்டு. ஹெர்பர்ட் ஜாஸ்பர் தலைமையிலான குழு வகுத்து 1958இல் வெளியானது. மூக்குத்தண்டு நெற்றியைத் தொடும் பள்ளத்திலிருந்து பின்மண்டையின் மேடு வரை டேப்பால் அளக்க வேண்டும். 36 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 10, 20, 20, 20, 20, 10 சதவீதமாகப் பிரித்தால் முதல் புள்ளி 3.6 செ.மீ.இல், அடுத்தவை 7.2 செ.மீ. இடைவெளியில். நட்டநடுப்புள்ளி 18 செ.மீ.இல் வரும். பிறகு ஒரு காதின் முன்பள்ளத்திலிருந்து மறு காதின் முன்பள்ளம் வரை அளந்து அதன் பாதியையும் குறிக்க வேண்டும். இரண்டும் வெட்டும் இடம்தான் உச்சந்தலைப் புள்ளி. ‘சி-இசட்’ என்பது அதன் பெயர். ஒற்றைப்படை எண் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். தொப்பி 54, 56, 58 செ.மீ. சுற்றளவுகளில் கிடைக்கும். 56க்குப் பொருந்தும் தலையில் 58ஐ மாட்டினால் எலக்ட்ரோடுகள் தோலில் பதியாமல் மிதக்கும்.

ஒவ்வோர் எலக்ட்ரோடின் துளையிலும் முனை மழுங்கிய சிரிஞ்சை விட்டு, முடியை விலக்கி, தோலில் மெல்லச் சுழற்றி இறந்த தோலை நீக்கி, பின்வாங்கிக்கொண்டே ஜெல் விட வேண்டும். மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே வரும்வரை முயல்வது பழைய விதி. புதிய ஆம்ப்ளிஃபயர்கள் அதைவிட உயர்ந்த தடையையும் தாங்கும் என்பது சரி. ஆனால் வியர்க்கும் ஊரில் பழைய விதியே நல்லது. தடை உயர உயர, தோலின் மெதுவான ஏற்ற இறக்கம் பதிவில் பெரிதாகிவிடும். 32 எலக்ட்ரோடுக்கு, பழகிய கைக்கே 40 நிமிடம் ஆகும்.

அவசரத்தில் ஜெல்லை அள்ளி விடுபவர்கள் வேறொரு தொல்லையில் மாட்டுவார்கள். பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடுகளின் ஜெல் தொப்பிக்கு அடியில் ஒன்றாகக் கலந்து பாலம் போட்டுவிடும். மின்தடை எண் பிரமாதமாக இருக்கும், கோடும் சுத்தமாக இருக்கும். ஆனால் இரண்டு எலக்ட்ரோடும் ஒரே எலக்ட்ரோடாகிவிட்டன. அடுத்தடுத்த இரண்டு கோடுகள் அச்சு அசலாக ஒன்றுபோல் போனால் சந்தேகப்படுங்கள்.

ஃபேன், எர்த், கத்திரி வெயில்

கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். வியர்த்தால் எல்லாக் கோடும் மெதுவாக மேலும் கீழும் ஆடும். ஒரு ஏற்ற இறக்கத்துக்குச் சில நொடிகள் பிடிக்கும் ஆட்டம் அது. 22–24 டிகிரியில் அறையை வைத்து, வந்தவர் வியர்வை அடங்க 15 நிமிடம் உட்கார்ந்த பிறகு தொப்பி மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். ஏ.சி. காற்று நேராகத் தலைமேல் அடிக்கக் கூடாது, வயர் ஆடினாலும் அலை வரும். மின்விசிறியில் அந்தத் தொல்லையோடு ரெகுலேட்டரின் மின் இரைச்சலும் சேரும். நிறுத்திவிடுங்கள்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 50 முறை துடிக்கும் அடர்ந்த பட்டையாக அது பதிவில் வந்து உட்காரும். உடனே 50 ஹெர்ட்ஸ் ஃபில்டரைப் போடுவது சோம்பேறித்தனம். அது நோயை விட்டுவிட்டு வலிக்கு மாத்திரை போடுவது போன்றது. முதலில் தரை எலக்ட்ரோடும், மற்ற எல்லாவற்றையும் எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த ஒப்பீட்டு எலக்ட்ரோடும் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே ஒரு கோட்டில் மட்டும் வந்தால் அந்த எலக்ட்ரோடின் தொடர்பு சரியில்லை. எல்லாக் கோட்டிலும் வந்தால் ஒப்பீட்டு எலக்ட்ரோடோ கட்டடத்தின் எர்த்தோ காரணம். பிறகு செல்போன் சார்ஜர், பழைய சோக் வைத்த டியூப்லைட், மோட்டார் கட்டில் என ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். வயர்களைச் சடைபோல முறுக்கிக் கட்டுவதும் பலன் தரும், அவை விரித்து வைக்கும் வளையத்தின் பரப்பு குறைவதால் இரைச்சலும் குறையும். தர்பூசணி உண்மையில் பயன்படுவது இந்தக் கட்டத்தில்தான். ஆளை உட்கார வைத்துக்கொண்டு பிளக் பிடுங்க வேண்டியதில்லை, முதல் நாளே பழத்தை வைத்து அறையைச் சுத்தம் செய்துவிடலாம்.

அறை சுத்தமானாலும் உடம்பு மிச்சம் இருக்கிறது. கண் ஒரு சின்ன பேட்டரி: கருவிழிப் பக்கம் நேர்மின், விழித்திரைப் பக்கம் எதிர்மின். இமை அதன்மேல் வழுக்கி இறங்கும் ஒவ்வொரு முறையும் நெற்றி எலக்ட்ரோடில் 100 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் ஒரு மலை எழும். நாம் தேடும் எம்.எம்.என். 2 மைக்ரோவோல்ட். பல்லைக் கடித்தால் கன்னப்பொறித் தசை பதிவையே கறுப்படித்துவிடும். “தாடையைக் கொஞ்சம் லூசா விடுங்கண்ணா” என்ற ஒரு வாக்கியம் பல மணி நேரக் கணினி வேலையை மிச்சப்படுத்தும். 30 ஹெர்ட்ஸுக்கு மேல் மூளை அலையைக் கண்டோம் என்று வரும் செய்திகளைப் படிக்கும்போது இந்தத் தசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம் சரியாக இருக்க வேண்டும்

மூளையை ஆராய வேறு கருவிகளும் உண்டு. எஃப்.எம்.ஆர்.ஐ. ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. அந்த மாற்றம் உச்சத்துக்கு வர 5, 6 நொடிகள் ஆகும். இ.இ.ஜி. மில்லி நொடியில் பேசுகிறது. நொடிக்கு 500 முறை அளந்தால் 2 மில்லி நொடிக்கு ஒரு அளவு. 32 கோடுகளில் 20 நிமிடத்துக்கு 1 கோடியே 92 லட்சம் எண்கள். இத்தனை துல்லியமும், ஒலி காதில் விழுந்த நொடி எது என்று தெரிந்தால்தான் உதவும்.

கணினி “ஒலி கொடுத்துவிட்டேன்” என்று குறி போடும்போது ஒலி இன்னும் சவுண்ட் கார்டில் காத்திருக்கலாம். தாமதம் எப்போதும் ஒரே அளவு என்றால் கழித்துவிடலாம். ஒரு முறை 20, ஒரு முறை 45 என்று அலைந்தால் சராசரி எடுக்கும்போது அலை கரைந்துபோகும். புளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது, அதன் தாமதம் பெரும்பாலும் 100 மில்லி நொடியைத் தாண்டும். ஹெட்போனுக்குப் போகும் ஒலியில் ஒரு கிளையைப் பிரித்து ஆம்ப்ளிஃபயரின் உபரி வாயில் பதிவு செய்து, குறிக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளியை 100 முறையாவது அளந்து பார்த்துவிட்டுத்தான் முதல் ஆளைக் கூப்பிட வேண்டும்.

2 மைக்ரோவோல்ட்டைக் கண்டுபிடிப்பது

ஒரு ‘அழ’வுக்கு வந்த பதிவை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. பின்னணியே 10 மைக்ரோவோல்ட் அலைந்துகொண்டிருக்கும். ஆனால் ஒலிக்குப் பதிலாக வரும் அலை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வரும், பின்னணிக்கு அந்த ஒழுங்கு கிடையாது. 150 பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுத்தால் பின்னணி தன்னைத் தானே அடித்துக்கொள்ளும். எவ்வளவு குறையும்? எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 150இன் வர்க்கமூலம் 12.2. எனவே 10 மைக்ரோவோல்ட் 0.8 ஆகும். அதற்கு மேலே 2 மைக்ரோவோல்ட் அலை தலைகாட்டும், அதுவும் மட்டுமட்டாகத்தான். இரைச்சலை இன்னும் பாதியாக்க நான்கு மடங்கு, அதாவது 600 ‘அழ’ வேண்டும். அதற்குள் ஆள் தூங்கிவிடுவார். ஒரே ஆளிடம் இதைப் பிழிவதை விட்டுவிட்டு, குழுவுக்கு 25, 30 பேர் என்று எடுப்பது இதனால்தான்.

வரிசை இப்படிப் போகும். முழுப் பதிவுக்கும் 0.1 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை மட்டும் விடும் ஃபில்டர். துண்டுகளாக வெட்டிய பிறகு ஃபில்டர் போட்டால் துண்டின் ஓரங்கள் சிதைந்துவிடும். கீழ் எல்லையை 1, 2 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் கோடு அழகாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையான அலைக்கு முன்னும் பின்னும் இல்லாத அலைகள் முளைக்கும், அதை நம்பிக் கட்டுரை எழுதியவர்களும் உண்டு. அடுத்து, கண் சிமிட்டலைப் பிரித்தெடுக்கும் கணக்குமுறை. பிறகு ஒலிக்கு 100 மில்லி நொடி முன்னிருந்து 500 பின்வரை வெட்டி, முன்பகுதியின் சராசரியைக் கழிக்க வேண்டும். 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும் துண்டுகளை எறிந்துவிட வேண்டும். 30 போய் 120 மிஞ்சினால் கவலையில்லை. 60தான் மிஞ்சியது என்றால் அந்த ஆளின் பதிவையே விட்டுவிடுவது நேர்மை. எத்தனைக்குக் கீழே விடுவது என்பதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும், முடிவைப் பார்த்துவிட்டு அல்ல.

முன்பே எழுதி வைப்பதன் அருமை இந்தக் கணக்கில் தெரியும். 32 கோடு, ஒவ்வொன்றிலும் 600 மில்லி நொடிக்கு 300 புள்ளி, மொத்தம் 9,600 ஒப்பீடு. தற்செயலாகவே நூற்றுக்கு ஐந்து வேறுபாடு போலத் தோன்றும் என்றால் 480 இடங்களில் ‘கண்டுபிடிப்பு’ கிடைக்கும். தர்பூசணியில்கூடக் கிடைக்கும். எந்த எலக்ட்ரோடு, எந்த நேர இடைவெளி என்று தொடங்கும் முன்பே தேதியிட்டு எழுதி வைத்தால் இந்த வலையில் விழ வேண்டியதில்லை.

எவ்வளவு சொல்லலாம்

அரிதாக வந்த ‘அழ’வின் சராசரியிலிருந்து அடிக்கடி வந்த ‘அழ’வின் சராசரியைக் கழித்தால் மிஞ்சுவது வேறுபாட்டு அலை. கடைசியில் தமிழ்க் குழுவின் வேறுபாட்டு அலை 2.1 மைக்ரோவோல்ட், உருதுக் குழுவில் 1.2 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். கற்பனை எண்கள்தான். கவனிக்காத நேரத்திலும் தமிழ் மூளை ழ–ள வேறுபாட்டை வலுவாகப் பதிகிறது என்று எழுதலாம். ‘உருதுக்காரருக்கு ழ கேட்பதில்லை’ என்று எழுதக் கூடாது, 1.2 என்பது சுழியம் அல்ல. ‘மூளையின் இன்ன இடத்தில் நடக்கிறது’ என்றும் தலைத்தோல் பதிவை மட்டும் வைத்து அடித்துச் சொல்லக் கூடாது. மண்டையோடு மின்சாரத்தைப் பரப்பிக் கலைத்துவிடுகிறது. தோலில் தெரியும் ஒரே வடிவத்தை உள்ளே உள்ள வெவ்வேறு மூலங்கள் தரமுடியும் என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853லேயே காட்டிவிட்டார். இடம் தெரிய வேண்டுமென்றால் வலிப்பு அறுவை சிகிச்சைக்காக மூளையின் மேலேயே எலக்ட்ரோடு வைக்கப்பட்ட நோயாளிகள் சம்மதித்துத் தரும் பதிவுகள் உதவும். அந்த எலக்ட்ரோடுகளைத் தேவையில்லாமல் யாருக்கும் வைக்க முடியாது.

மனதில் ஓடுவதைப் படிப்பது இதைவிடத் தொலைவு. குற்றவாளியின் மூளை அலையே உண்மையைச் சொல்லிவிடும் என்று நம் நாட்டில் காவல்துறை விசாரணைகளில் இ.இ.ஜி.யைப் பயன்படுத்தினார்கள். சம்மதமில்லாமல் யாரையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆய்வுக்கும் அதே கண்டிப்பு உண்டு: நெறிமுறைக் குழுவின் அனுமதி, பங்கேற்பவரின் மொழியிலேயே சம்மதப் படிவம், எப்போது வேண்டுமானாலும் எழுந்துபோகும் உரிமை.

ஆனால் சிலவற்றை இந்த அலைகள் நன்றாகவே செய்கின்றன. தூக்கத்தின் நிலைகளை 1937இல் லூமிஸ் குழு இ.இ.ஜி.யை வைத்துத்தான் பிரித்தது. ஆழ்ந்த தூக்கத்தில் நொடிக்கு 4க்கும் குறைவான பெரிய மெதுவான அலைகள் ஓடும். எதிர்பார்த்த ஒன்று வந்ததும் 300 மில்லி நொடியை ஒட்டி எழும் ‘பி300’ அலையை வைத்து, ஃபார்வெல், டான்ச்சின் இருவரும் 1988இல் எழுத்துப் பலகை ஒன்று செய்தார்கள். 6க்கு 6 கட்டத்தில் வரிசைகள் மாறி மாறி மின்னும். வேண்டிய எழுத்து மின்னும்போது அலை எழும், கை கால் அசையாதவரும் எழுதலாம். தமிழுக்கு 247 எழுத்தையும் பரப்பினால் 16க்கு 16 கட்டம் வேண்டும், ஒரு எழுத்துக்கு ஆகும் நேரம் பொறுமையைச் சோதித்துவிடும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 வைத்தால் அதே 36 கட்டத்துக்குள் அடங்கி, இடைவெளிக்கும் அழிப்பதற்கும் ஐந்து கட்டம் மிஞ்சும். உயிர்மெய்யை இரண்டு தட்டில் எழுதிக்கொள்ளலாம்.

கருவி இல்லாமலும் தொடங்கலாம். இஇஜிலேப், எம்.என்.இ. பைத்தான் இரண்டும் இலவச மென்பொருள்கள், பயிற்சிக்கான மாதிரிப் பதிவுகளும் அவற்றோடு கிடைக்கின்றன. கல்லூரி மாணவர்கள் சொந்தமாகச் சுற்று கட்டினால் ஒரே ஒரு எச்சரிக்கை: எல்லாம் பேட்டரியில் ஓட வேண்டும், லேப்டாப்பின் சார்ஜர் சுவரில் இருக்கக் கூடாது. தலையில் ஒட்டிய வயருக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் நடுவே மலிவான சார்ஜர் ஒன்றுதான் காவல் என்ற நிலை வரவே கூடாது. பதிவு முடிந்ததும் தொப்பியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு துளையையும் தேய்த்து, நிழலில் காயவையுங்கள். கம்பி பிரஷ் எலக்ட்ரோடின் சில்வர் குளோரைடு பூச்சைச் சுரண்டிவிடும். காய்ந்த ஜெல் துளையில் அடைத்துக்கொண்டால் மறுநாள் வருகிறவருக்கு 40 நிமிடம் ஒரு மணி நேரமாகிவிடும்.